சொல் குறைந்த பேச்சும் மொழிபெயர்ப்பும்: மழலையர் தொலைக்காட்சித் தொடர்களை முன்வைத்து

மொழிபெயர்ப்பியலில் விவாதிக்கப்படும் சிக்கல்கள் பெரும்பாலும் சொல் மிகுந்த பனுவல்களைச் சார்ந்தவை. கவிதை, நாவல், சட்டம், சமயநூல் ஆகியவற்றை முன்வைத்தே கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. சொல் மிகக் குறைவாகவும் ஒலி மிகுதியாகவும் அமைந்த ஒன்றை மொழிபெயர்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுகிறது. பள்ளி செல்லும் பருவத்தை எட்டாத குழந்தைகளுக்காக உருவாக்கப்படும் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்கள் இவ்வினாவை எழுப்புகின்றன. இத்தொடர்களில் வரும் பாவைகளும் கற்பனை உயிர்களும் சீழ்க்கையடிக்கின்றன, பொருளறிய இயலாத ஒலிகளை எழுப்புகின்றன, மழலையில் பேசுகின்றன, சில, தம் பெயரை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சொல்லே இல்லாதபோது மொழிபெயர்க்க என்ன இருக்கிறது, படத்தை அப்படியே ஒளிபரப்பிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் 1950களுக்குப் பின் தோன்றிய தொடர்களை உற்றுநோக்கினால் இவ்வெண்ணம் நிலைபெறாது. சொல் குறையுந்தோறும் மொழிபெயர்ப்பாளரின் வேலை தொனிக்கும் கதைசொல்லியின் குரலுக்கும் இடம்பெயர்கிறதே தவிர, குறைவதில்லை. கேட்பவர் அப்போதுதான் மொழி பயிலத் தொடங்கியிருக்கும் குழந்தை என்பதால் அவ்வேலையின் விளைவும் சிறிதன்று.

பூந்தொட்டி மனிதர்

பிபிசி நிறுவனம் 1952-இல் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஃப்ளவர் பாட் மென்’ தொடரை இவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்ளலாம். பில், பென் என்னும் இரு பாவைகள் தோட்டத்தில் பூந்தொட்டிகளுக்குள் வாழ்கின்றன. தோட்டக்காரர் அப்பால் சென்றதும் வெளிவந்து விளையாடுகின்றன. இவ்விரண்டும் பேசும் மொழிக்கு ‘ஆடில் பாடில்’ என்று பெயர் வழங்கிற்று. குரல் கொடுத்த நடிகர் பீட்டர் ஹாக்கின்ஸ் ஆங்கிலத் தொடரின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் காத்துக்கொண்டு, சொற்களின் மெய்யொலிகளைக் குழப்பிப் பேசினார். எனவே ஆங்கிலம் அறிந்தவர் காதுக்கு அது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் ஒலித்தது. பாவைகள் பேசியதன் பொருளைப் பெண் குரல் ஒன்று தெளிந்த ஆங்கிலத்தில் எடுத்துரைத்தது.

இத்தொடர் குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியைக் கெடுக்கும் என்னும் குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. கேட்ட ஒலியை எல்லாம் குழந்தை அப்படியே பற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. இந்நம்பிக்கை எவ்வளவு சரியானது என்பது பின்னர் ஆராயப்படும். இங்கு நோக்க வேண்டியது தொடரின் அமைப்பு. பாவையின் ஒலி, அதைத் தொடர்ந்து கதைசொல்லியின் உரை என்னும் இரட்டை அமைப்பு இதில் உருப்பெற்றுவிட்டது. பழைய நூல்களுக்கு உரையாசிரியர் எப்படியோ, பாவைக்குக் கதைசொல்லி அப்படி. பின்வந்த தொடர்கள் பலவும் இவ்வமைப்பையே வெவ்வேறு விகிதத்தில் கையாண்டன.

சீழ்க்கையில் மறைந்த எழுத்துரை

இவற்றுள் மொழியியலாருக்கு மிகுந்த பயன் தருவது ‘தி கிளேங்கர்ஸ்’. ஆலிவர் போஸ்ட்கேட் (1925–2008), பீட்டர் ஃபர்மின் (1928–2018) ஆகிய இருவரும் கென்ட் மாவட்டத்தில் ஃபர்மினின் பண்ணையில் இருந்த கொட்டகையில் இத்தொடரை உருவாக்கினர். மனிதன் நிலவில் இறங்கிய 1969-ஆம் ஆண்டின் நவம்பரில் தொடங்கி 1972 வரை பிபிசி இதை ஒளிபரப்பியது. சிறியதொரு கோளின் நிலவறைகளில் வாழும், கம்பளி நூலால் பின்னிய எலி போன்ற உயிர்கள் இதன் மாந்தர். நிலவறைகளின் வாயிலை உலோக மூடிகள் காக்கின்றன. அவை மூடும்போது எழும் ஒலியே இவற்றுக்குப் பெயராயிற்று.

கிளேங்கர்கள் சீழ்க்கையொலியிலேயே பேசுகின்றன. உள்தண்டை இழுத்தும் தள்ளியும் சுருதியை வழுக்கிச் செல்லவிடும் ஊதுகுழல் ஒன்றால் இவ்வொலி எழுப்பப்பட்டது. ஆனால் இசைத்தவர்கள் மனம்போன போக்கில் ஊதவில்லை. ஒவ்வொரு பேச்சும் முதலில் ஆங்கிலத்தில் முழுமையாக எழுதப்பட்டது. அவ்வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே நிற்கும் என்பதைப் பின்பற்றியே குழல் ஊதப்பட்டது. ஒலியன்கள் அனைத்தும் களையப்பட்டுத் தொனியும் கால அளவும் மட்டும் எஞ்சிய ஆங்கிலம் அது.

இவ்வெழுத்துரையின் இருப்பு ஒரு வேடிக்கையான தகராற்றால் வெளிப்பட்டது. ஒரு காட்சியில் கதவு சிக்கிக்கொள்கிறது. பெரிய கிளேங்கர் எரிச்சலோடு வசைச்சொல் கலந்து ஏதோ சொல்வதாக எழுத்துரை அமைந்திருந்தது. அதைப் படித்த பிபிசி தரப்பினர், குழந்தைகள் நிகழ்ச்சியில் இத்தகைய சொல் கூடாது என்றனர். ஒலிக்கப்போவது சீழ்க்கைதானே என்று போஸ்ட்கேட் கேட்டதற்கு, கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவர்கள் விடையளித்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது அலுவலக மனப்பான்மை. மொழியியல் நோக்கில் அந்த அலுவலர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. வசையின் தொனி வசைச்சொல்லின்றியும் கேட்கும்.

போஸ்ட்கேட் தம் தன்வரலாற்றில் தரும் மற்றொரு செய்தி இன்னும் கருதத்தக்கது. ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டமொன்றில் கதைசொல்லியின் உரையை நீக்கிவிட்டு ஒரு பகுதியைத் திரையிட்டார். பேச்சு புரிந்ததா என்று கேட்டபோது, புரிந்தது, அவை நல்ல ஜெர்மன் பேசின என்று சிலர் கூறினர். இல்லை, அது ஸ்வீடிஷ் என்று ஒருவர் மறுத்தார். ஆங்கிலத் தொனியின் மேல் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியைப் பொருத்திக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

இதனைக் கொண்டு தொனி உலகப் பொதுவானது என்று முடிவு கட்டிவிடலாகாது. ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் மூன்றும் ஒரே கிளையைச் சேர்ந்த மொழிகள். ஆன் ஃபெர்னால்ட் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இங்குத் துணைசெய்கிறது. ஆங்கிலச் சூழலில் வளரும் ஐந்து மாதக் குழந்தைகளுக்குப் பாராட்டும் தொனியும் தடுக்கும் தொனியும் வெவ்வேறு மொழிகளில் ஒலிபரப்பப்பட்டன. ஜெர்மன், இத்தாலியம் ஆகியவற்றில் பேசப்பட்டபோது குழந்தைகள் இரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்து அதற்கேற்ப முகம் காட்டின. ஜப்பானியத்தில் பேசப்பட்டபோது அவ்வேறுபாடு தோன்றவில்லை. ஐந்து மாதத்திலேயே தொனிக்கும் நாடு உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

ஸ்பெயினுக்கு உரிய கேனரித் தீவுகளுள் ஒன்றான லா கொமேராவில் மலைச்சரிவுகளுக்கிடையே சீழ்க்கையால் பேசும் வழக்கம் உண்டு. சில்போ எனப்படும் அம்முறை 2009-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அது கிளேங்கர் சீழ்க்கையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. சில்போவில் ஸ்பானிய மொழியின் உயிரும் மெய்யும் சுருதி வேறுபாட்டால் உணர்த்தப்படுவதால் பழகியவர் புதிய செய்தியையும் அறிந்துகொள்வர். கிளேங்கர் சீழ்க்கை புதிய செய்தியைத் தராது. காட்சியால் ஏற்கெனவே ஊகிக்கப்பட்டதை உறுதிப்படுத்தும், அவ்வளவே.

தமிழ் எழுத்துரை ஒன்றை இம்முறையில் ஊதினால் என்ன எஞ்சும் என்று எண்ணிப்பார்க்கலாம். தமிழில் ஆம்–இல்லை வினா ஆகார இடைச்சொல்லால் உணர்த்தப்படுகிறது. வினாவுக்குத் தொனி ஒன்றே சான்றாக நிற்பதில்லை. ஆனால் அவ்வாகாரம் நெடில். சொல்லழுத்தத்தால் இயங்கும் ஆங்கிலத்தில் ஊதுகுழல் ஏற்ற இறக்கத்தைக் காத்தது. குறில் நெடில் வேறுபாட்டால் இயங்கும் தமிழில் மாத்திரையையும் காக்க வேண்டியிருக்கும். ‘வந்தாச்சு’ என்பதும் ‘வந்தாச்சா’ என்பதும் ஈற்றில் ஒலிக்கும் கால அளவால் சீழ்க்கையிலும் வேறுபடும். ஆங்கிலச் சீழ்க்கையைக் கேட்டுத் தமிழ் உரை எழுதுபவர் இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி, பாவை ஒன்று சொல்லக் கதைசொல்லி வேறொன்று சொல்வதாக முடியும்.

2015-இல் இத்தொடர் புதிதாக எடுக்கப்பட்டபோது பிரிட்டனில் மைக்கேல் பேலினும் அமெரிக்காவில் வில்லியம் ஷாட்னரும் கதைசொல்லிகளாயினர். மாற்றப்பட்டது உரைமட்டுமே, சீழ்க்கை தொடப்படவில்லை. ஒரே மொழிக்குள்ளும் கதைசொல்லியின் குரல் வட்டாரத்துக்கு உரியது என்பதைத் தயாரிப்பாளர்கள் உணர்ந்திருந்தனர்.

1990-இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ‘பிங்கு’ கதைசொல்லியையும் நீக்கிவிட்டது. ஓட்மர் குட்மன் உருவாக்கிய இக்களிமண் பெங்குயின் குடும்பத்தின் அனைத்துக் குரல்களையும் முதல் தொடர்களில் இத்தாலிய நடிகர் கார்லோ பொனோமி ஒருவரே கொடுத்தார். அதற்கு முன் ‘லா லினேயா’ என்னும் கோட்டோவியத் தொடருக்கும் அவர் இதுபோன்ற பிதற்றல்மொழியைப் பேசியிருந்தார். அதன் அடியில் வட இத்தாலியின் லொம்பார்டு வழக்கின் சாயல் இருந்தது. பிங்கு எந்த மொழிபெயர்ப்பும் இன்றிப் பல நாடுகளுக்குச் சென்றது. மொழியில்லாத தொடர் என்று அதை வணிகர் விற்கலாம். மொழியியலார் அப்படிச் சொல்வதற்கில்லை.

மூலத்தைக் கேளாத மொழிபெயர்ப்பு

மேற்கண்டவற்றுக்கு நேர் எதிர்த்திசையில் அமைந்தது ‘தி மேஜிக் ரவுண்டபௌட்’. இதன் மூலம் பிரெஞ்சு. செர்ஜ் தானோ 1964-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய ‘லெ மனேஜ் ஆன்ஷாந்தே’, மந்திரக் குடைராட்டினம் ஒன்றைச் சூழ்ந்த பாவைகளின் உலகம். 1965 அக்டோபரில் பிபிசி இதை ஒளிபரப்பத் தொடங்கியபோது ஆங்கில உரையை எழுதிப் பேசியவர் எரிக் தாம்ப்சன் என்னும் நடிகர். அவர் பிரெஞ்சு உரையாடலைப் பின்பற்றவில்லை. ஒலியை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து, அதற்குப் பொருந்தும் புதிய கதையைத் தாமே எழுதினார். பொலுக்ஸ் என்னும் நாய் டூகல் ஆயிற்று. மார்கோத் என்னும் சிறுமி ஃப்ளாரன்ஸ் ஆனாள். அம்ப்ருவாஸ் என்னும் நத்தை பிரையன் என்னும் எளிய ஆங்கிலப் பெயரைப் பெற்றது.

பொலுக்ஸ் பாத்திரம் தனியே கருதத்தக்கது. பிரெஞ்சு மூலத்தில் அந்நாய் ஆங்கிலேயர் பேசும் பிரெஞ்சைப் பேசும். அயலார் உச்சரிப்பே அதன் நகைச்சுவை. இதை ஆங்கிலத்தில் எவ்வாறு பெயர்ப்பது? ஆங்கிலேயர் உச்சரிப்பு ஆங்கிலத்தில் உச்சரிப்பாகவே தோன்றாது. பிரெஞ்சு உச்சரிப்பைப் புகுத்தினால் நகைச்சுவையின் இலக்கு தலைகீழாகிவிடும். தாம்ப்சனின் டூகல் எதிலும் குறை காணும் சலிப்பும் குத்தலும் நிறைந்த பாத்திரமாக மாறியது. அயன்மை என்னும் ஒலிக்கூற்றின் இடத்தை மனப்பான்மை நிரப்பிற்று. திட்டமிட்டு நிகழ்ந்ததன்று எனினும், வட்டார வழக்கை மொழிபெயர்க்க முயல்வோர் எண்ணிப்பார்க்க வேண்டிய ஈடு இது.

மொழிபெயர்த்தலை வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. தாம்ப்சனின் உரை அந்த நான்கனுள் எதிலும் அடங்காது. வழிநூலாவதற்கு முதல்நூலின் சொல்லை அறிந்திருத்தல் வேண்டும். ஆயினும் ஆங்கிலம் பேசும் உலகில் இதுவே மூலமாக நிலைத்துவிட்டது. மாலைச் செய்திக்கு முன் ஐந்து நிமிடம் ஒளிபரப்பான இத்தொடரைப் பெரியவர்களும் விரும்பிப் பார்த்தனர்; நேரத்தை முன்னதாக மாற்றியபோது எதிர்ப்புத் தெரிவித்தோர் அவர்களே.

இதில் குழந்தைக்குக் கிடைத்த மொழி எத்தகையது என்பது முக்கியம். எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே குரல், சொற்களோ பெரியவர்கள் பயன்படுத்துபவை, வாக்கியங்கள் முழுமையானவை. பல சொற்கள் குழந்தைக்குப் புரிந்திரா. ஆனால் தாத்தா கதை சொல்லும்போதும் எல்லாச் சொல்லும் புரிவதில்லையே.

மழலையின் ஒலியனியல்

‘டெலிடப்பீஸ்’ 1997 மார்ச் 31-ஆம் நாள் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் தொடங்கிற்று. ஆன் உட், ஆண்ட்ரூ டேவன்போர்ட் ஆகியோர் உருவாக்கிய இத்தொடர் 2001 வரை 365 பகுதிகளாக வெளிவந்தது. டேவன்போர்ட் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேச்சறிவியல் பயின்றவர். எனவே இத்தொடரின் மழலை தற்செயலானதன்று. குழந்தையின் ஒலியனியல் வளர்ச்சியை அறிந்தே அமைக்கப்பட்டது. பாத்திரங்களின் முகமன் ‘ஏ-ஓ’. ஆங்கில ‘ஹலோ’வின் முதலில் நிற்கும் உரசொலியும் இடையில் நிற்கும் மருங்கொலியும் நீங்கிட, இரு உயிர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. இவ்விரு மெய்களையும் விடுவது ஆங்கிலக் குழந்தைகளிடம் காணப்படும் இயல்பே.

நால்வருள் சிறியவளான போவின் பாத்திரத்தில் நடித்தவர் புய் ஃபன் லீ. போ தன் மிதிவண்டிப் பலகையை ஓட்டும்போது ‘வேகமாக’, ‘மெதுவாக’ என்னும் பொருளுடைய கான்டனீஸ் சொற்களைச் சொல்வாள். பெரும்பாலான பார்வையாளர் அதையும் பொருளற்ற மழலை என்றே எண்ணியிருப்பர். ஒரு மொழியின் உண்மையான சொல், அம்மொழி அறியாதார் செவியில் பிதற்றலாகிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரும் இதைக் கவனியாது விட்டிருந்தால் வியப்பில்லை.

இத்தொடரிலும் கதைசொல்லி உண்டு. ஆனால் வரிசை மாறிவிட்டது. ‘ஃப்ளவர் பாட் மென்’ தொடரில் பாவை முதலில் பேசும், கதைசொல்லி பின்னர் விளக்குவார். இங்குக் கதைசொல்லி முதலில் சொல்கிறார். பாத்திரம் அதன் ஒரு பகுதியை மழலையில் திருப்பிச் சொல்கிறது. தாய் சொல்லக் குழந்தை எதிரொலிக்கும் நிலையைப் பின்பற்றிய அமைப்பு இது. நடுவில் காட்டப்படும் குழந்தைகளின் படத்துண்டு முழுமையாக இரண்டாம் முறையும் காட்டப்படும். பெரியவர்களுக்குச் சலிப்பூட்டிய இவ்வுத்தி, கேட்ட கதையையே மீண்டும் கேட்கும் குழந்தையின் இயல்புக்கு ஏற்றதாகும்.

தொடர் வெளிவந்த உடனேயே பூந்தொட்டி மனிதர் மீது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சுமத்தப்பட்ட அதே குற்றம் இதன்மீதும் சுமத்தப்பட்டது. இம்முறை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்தனர். டெபோரா லைன்பார்கர், டேல் வாக்கர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், 51 குழந்தைகள் ஆறு மாதம் முதல் முப்பது மாதம் வரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நோக்கப்பட்டனர். ‘டோரா தி எக்ஸ்ப்ளோரர்’, ‘புளூஸ் குளூஸ்’, ‘ஆர்தர்’ போன்றவற்றைப் பார்த்த குழந்தைகளிடம் சொல்வளம் மிகுந்தும், ‘டெலிடப்பீஸ்’ பார்த்தவர்களிடம் குறைந்தும் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழியக் காரணத்தை நிறுவவில்லை. எத்தகைய வீட்டில் எத்தொடர் பார்க்கப்பட்டது என்பதும் இதில் கலந்திருக்கும். ஆயினும் புறக்கணிக்கத்தக்க முடிவன்று.

பேட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் கடுமையானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் மாண்டரின் சீனம் கேட்பிக்கப்பட்டது. நேரில் பேசக் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை அறிந்துகொண்டன. அதே பேச்சைத் திரையில் கண்டு கேட்டவை அறிந்துகொள்ளவில்லை. திரையிலிருந்து தவறான மழலை தொற்றிக்கொள்ளும் என்ற பழைய அச்சம் இதனால் வலுவிழக்கிறது. சரியான மொழியும் அவ்வயதில் திரையிலிருந்து எளிதில் தொற்றுவதில்லை. சற்று வளர்ந்த குழந்தைக்குப் பயன் தருவது கதைப்போக்கும், பொருளைச் சுட்டிப் பெயர் சொல்லும் பேச்சும், விடை சொல்ல விடும் இடைவெளியுமே என்று மேற்கண்ட தொடர்களின் அமைப்பைக் கொண்டு கருதலாம். இம்மூன்றும் மொழிபெயர்ப்பாளரின் கையில் இருப்பவை.

தமிழுக்கு வரும்போது

‘ஏ-ஓ’ என்பதைத் தமிழில் அப்படியே விடுவோர், ‘ஹலோ’ என்னும் சொல்லை அறியாத குழந்தைக்கு ஒரு வெற்றொலியைத் தருகின்றனர். ‘வணக்கம்’ என்பதை மழலையாக்குவதும் பொருந்தாது. இரண்டு வயதுக் குழந்தை தன் தோழனைப் பார்த்து வணக்கம் சொல்வதில்லை. தமிழ் வீடுகளில் குழந்தைக்கு முதலில் பழக்கப்படுவது பிரியும்போது சொல்லும் ‘டாட்டா’. சந்திக்கும்போது சொல்லும் மழலைச் சொல் அவ்வளவு திட்டமாக இல்லை. சார்லஸ் ஃபெர்குசன் 1964-இல் ஆறு மொழிகளின் மழலை வழக்கை ஒப்பிட்டபோது அவற்றுள் ஒன்றாக மராத்தியைச் சேர்த்துக்கொண்டார். பெரியவர் குழந்தையிடம் பேசும் சொற்கள் மரபாக வழங்குபவை, மொழிக்கு மொழி தனிப்பட்டவை என்பது அவ்வாய்வின் பயன். மம்மு, சோச்சி, இங்கா என்று வட்டாரந்தோறும் வேறுபடும் தமிழ்ச் சொற்களும் அத்தகையன. இவை குழந்தை படைத்தவை அல்ல; பெரியவர் வழங்கியவை. குழந்தையே செய்யும் ஒலிமாற்றம் வேறு. கடையண்ண ஒலி பல்லொலியாகும்போது காக்கா தாத்தாவாகிறது. ழகரம் யகரமாகும்போது பழம் பயமாகிறது. பின்னது எழுத்தில்தான் அச்சத்தைக் குறிக்கும் சொல்லோடு மயங்கும். ஒலிப்பில் முதல் எழுத்து அதிர்வில்லாதது என்பதால் செவிக்கு மயக்கமில்லை. பின்குரல் உரை எழுதுவோர் தாளை நம்பாது செவியை நம்ப வேண்டிய இடம் இது.

பெயர்களில் இடர் இன்னும் கூர்மையானது. போ என்னும் பெயரைத் தமிழ்க் குழந்தை ஏவல் வினையாகவே கேட்கும். அன்போடு அழைக்கும் குரலில் ‘போ’ என்று ஒலித்தால் தொனி ஒன்றும் சொல் மற்றொன்றும் உணர்த்தும். விடைபெறும்போதுகூடப் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லப் பழக்கும் சமூகத்தில், சிறியவளைப் பார்த்து எல்லோரும் போ போ என்பது நகைப்புக்கோ வருத்தத்துக்கோ இடமாகும். வணிகப் பெயர் என்பதால் மாற்ற இயலாதெனின், விளியாக வருமிடமெல்லாம் ‘போ பாப்பா’ என்றாற்போல நீட்டினாலும் ஏவல் நீங்காது. ‘போக்குட்டி’ என்று ஒட்டிச் சொன்னால் ஓரளவு நீங்கும்.

டேவன்போர்ட் பின்னர் உருவாக்கி 2007-இல் வெளிவந்த ‘இன் த நைட் கார்டன்’ தொடரின் பெயர்கள் வேறுவகைச் சிந்தனைக்கு இடம் தருகின்றன. டெரெக் ஜாக்கபி கதைசொல்லியாக அமைந்த இத்தொடரில் இகில்பிகில், மக்கா பக்கா என்னும் பாத்திரங்களும் நின்கி நான்க் என்னும் ஊர்தியும் வருகின்றன. ஆங்கிலத்தில் இவை அனைத்தும் ஒரே இரட்டிப்பு விளையாட்டு. தமிழ்ச் செவிக்கு இவை இருவேறு இனம். அக்கம்பக்கம், ஆட்டம்பாட்டம், கன்னாபின்னா, தாறுமாறு என்று தமிழின் இணைச்சொற்கள் முதலொலி மாறி எதுகையால் இணைவதையே பெரிதும் விரும்புகின்றன. அவற்றுள்ளும் உயிர் முதலான சொல்லை அடுத்துப் பகர முதற்சொல் வருவது பழகிய வடிவம். ஆகவே இகில்பிகில் தமிழ்ச்சொல் போலவே அமர்ந்துவிடுகிறது. மக்கா பக்காவும் அவ்வாறே. குமரி மாவட்டக் குழந்தைகளுக்கு அது தம்மையே அன்போடு அழைப்பதுபோலவும் ஒலிக்கும். நின்கி நான்க் என்பதோ மோனையும் உயிர்மாற்றமும் கொண்ட ஆங்கில வடிவம். அதனை எதுகையாக்கி மாற்றுவதா, அயன்மையோடு விடுவதா என்பது மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டியது. ஊர்தி அயலாக ஒலித்தால் இழப்பில்லை என்று கொள்ளலாம்.

தமிழில் நடைமுறைக்கு வந்த நல்ல எடுத்துக்காட்டு ‘டோராவின் பயணங்கள்’. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி வழியே இது தமிழ்க் குழந்தைகளிடம் பரவியது. மூலத்தில் குரங்கின் பெயர் அது அணிந்துள்ள சிவப்புக் காலணியைக் குறிப்பது. தமிழில் அது புஜ்ஜி. பொருள் கைவிடப்பட்டது, அதனிடத்தில் வீட்டுச் செல்லப்பெயர் வந்தமர்ந்தது. பறித்துச் செல்பவன் என்னும் பொருளில் பெயர் பெற்ற நரி, தமிழில் குள்ளநரி ஆயிற்று. தந்திரக்கார நரியைக் கதைகளில் முன்பே அறிந்த குழந்தைக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. மூலத்தில் ஆங்கிலத்துக்கு இடையே ஸ்பானியச் சொற்கள் கற்பிக்கப்படும்; பல நாட்டு மொழியாக்கங்களில் அவ்விடத்தை ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. இரு சமூகங்களின் மொழிகளைச் சமநிலையில் வைக்க முயன்ற தொடர், எல்லைகடந்தபோது ஆங்கிலம் கற்பிக்கும் கருவியாயிற்று என்பதும் கருதற்குரியது.

எல்லாவற்றிலும் தீர்க்கக் கடினமானது கதைசொல்லியின் வழக்கு. ஆங்கிலக் கதைசொல்லி சொன்ன தொடரை மழலைப் பாத்திரம் திருப்பிச் சொல்லும்போது இரண்டுக்கும் இடையே ஒலிப்பு ஒன்றே வேறுபாடு. தமிழில் கதைசொல்லி வானொலிச் செய்தியின் எழுத்து வழக்கில் ‘பந்து வந்துவிட்டது’ என்று சொன்னால், பாத்திரம் ‘பந்து வந்துச்சு’ என்றோ ‘வந்துடுத்து’ என்றோ எதிரொலிக்கும். அப்போது நிகழ்வது எதிரொலி அன்று. ஒரு வழக்கிலிருந்து இன்னொரு வழக்குக்குப் பெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் கற்க வேண்டிய குழந்தைக்கு ஒப்பீட்டின் ஒரு பக்கம் அறியாத வடிவமாகிவிடுகிறது. பேச்சு வழக்கைத் தேர்ந்தாலோ எந்த வட்டாரம், எந்தச் சமூகம் என்ற வினா எழும். ‘வந்துச்சு’, ‘வந்தது’, ‘வந்துது’ ஆகிய மூன்றுள் ஒன்றைக் கொள்ளும்போது ஏனையவற்றைப் பேசும் வீடுகள் விலகிவிடுகின்றன. இரண்டையும் ஒப்பிடுமிடத்து எழுத்து வழக்கின் தீமையே பெரிது எனலாம். வட்டார வேறுபாட்டைக் குழந்தை பக்கத்து வீட்டிலேயே கேட்டுப் பழகுகிறது. ‘விட்டது’ என்று முடியும் பேச்சை எந்த வீட்டிலும் கேட்பதில்லை.

இதனோடு இடைவெளியின் சிக்கலும் சேர்கிறது. டோரா கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் படத்தில் அளந்து வைக்கப்பட்டது. அதை நீட்ட இயலாது. ஆங்கில வினாவில் வினாச்சொல் முதலில் வருவதால், தொடர் முடிவதற்குள் குழந்தை தேடத் தொடங்கிவிடுகிறது. தமிழில் வினாச்சொல்லையும் வினையையும் இறுதிக்குத் தள்ளி, எழுத்து வழக்கின் முழு விகுதிகளோடு எழுதினால் வினா முடியும்போதே காத்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். ‘எங்கே பாலம்?’ என்பதே போதும். ‘பாலம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறதா?’ என்பது இலக்கணப் பிழையற்றது; ஆனால் அது முடிவதற்குள் திரையில் டோரா தலையசைத்துப் பாராட்டத் தொடங்கியிருப்பாள்.